கூரை விளக்குக்கு ஒரு தொப்பி

வண்டியின் கூரையில் ஓட்டை போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. எவ்வளவு பூச்சு பூசி அடைத்தாலும் இந்த மழைக்குத் தாங்கினால் அடுத்த மழைக்கு ஒழுகும். ஒழுகினால், விளக்கு வேண்டும் என்று அடம்பிடித்தவனை யாரும் கேட்கமாட்டார்கள். ஓட்டை போட்டவனைத்தான் நிற்கவைத்துக் கேட்பார்கள். இருக்கிற விளக்கைக் கழற்றுவதும் அதே கதைதான். விளக்கு போய்விடும், ஓட்டை போகாது. அதனால் கூரை விளக்கு என்று யார் வந்து நின்றாலும், இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும் என்று நல்லவிதமாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் அந்தக் கறுப்புத் தகடு என் கைவேலைதான். அதை இல்லை என்று சொல்ல எனக்கு அவசியம் கிடையாது. என் கட்டிலுக்கு அடியிலிருந்து தம்பி மனைவி எடுத்துவந்து கொடுத்தாளாம். என்னிடம் கேட்டிருந்தால் நானே துடைத்துக் கொடுத்திருப்பேன். ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், கையைக் கிழிக்காது. ஒரு பக்கம் மடங்கியிருப்பது பிற்பாடு ஆனது, என் கோளாறு இல்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் மரியாதையாகத்தான் கேட்கிறீர்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். தம்பி என் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவான். நேற்றுச் சாயங்காலம் என்னைக் கூட்டிவந்தீர்கள், அதிலிருந்து அவன் வயிறு காய்ந்துதான் கிடக்கும். அதை நினைத்தால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. மற்றபடி இந்த அறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் கல் குவாரிப் பட்டறையில் டிங்கர். நசுங்கிய கதவு, கிழிந்த மட்கார்டு, ஓட்டையான கூரை எல்லாம் என்னிடம் வரும். தம்பி அதே குவாரியில் டம்பர் ஓட்டுகிறான். ஓட்டினான் என்று சொல்ல வேண்டும், பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. டம்பர் என்றால் நீங்கள் சாலையில் பார்க்கிற லாரி இல்லை. சக்கரமே என் தலைக்கு மேல் நிற்கும். ஏணியில் ஏறித்தான் இருக்கைக்குப் போக வேண்டும். அதில் உட்கார்ந்துவிட்டால் தம்பி மாடிவீட்டுக்காரன், நாங்களெல்லாம் தெருவில் போகிறவர்கள்.

அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் தூரத்தில் இருப்பது தெரியும், மூக்கடியில் இருப்பது தெரியாது. டம்பரின் முன்மூக்குக்குக் கீழே ஒரு பிக்கப் வண்டியே முழுசாக மறைந்துவிடும். அந்த இடத்தைக் காட்டுவதற்கென்றே முன்மூலையில் ஒரு வட்டக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். ஆனால் குவாரியில் எந்தக் கண்ணாடி கண்ணாடியாக இருக்கிறது? துடைத்துவிட்டு இறங்குவதற்குள் மாவு பூசியதுபோல ஆகிவிடும். அதனால்தான் பள்ளத்துக்குள் இறங்குகிற சின்ன வண்டிகள் எல்லாவற்றுக்கும் கூரையில் மஞ்சள் விளக்கு இருக்க வேண்டும், பட்டப்பகலிலும் எரிய வேண்டும் என்பது அங்கே சட்டம். புழுதிக் கண்ணாடியில் வண்டி தெரியாது, மஞ்சள் தெரியும். தம்பி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "வண்டி இருக்கா இல்லையான்னு நான் பாக்கறதே இல்லண்ணே. மஞ்சள் இருக்கா, இல்லையா, அவ்வளவுதான். கண்ணு தானா அங்க போயிடும்."

நல்ல பழக்கம் என்றேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குச் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாது. குளிப்பாட்டியது, தலை துவட்டியது, பாடம் வரவில்லை என்று அழுதால் தூக்கி வைத்துக்கொண்டது எல்லாம் நான்தான். பொத்திப் பொத்தி வளர்த்தேன் என்று ஊரே சொல்லும், நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். எனக்கென்று ஒரு கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில் அவனுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடந்தான். பட்டறைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மடியில் சாய்த்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு என் சட்டையைப் பிடித்தபடியே தூங்கிவிடுவான். பாவம், சின்ன வயதில் இவனுக்கு இவ்வளவு பாரமா என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அதைவிட நிம்மதியான காலம் எனக்கு வாய்த்ததில்லை. காய்ச்சல் விட்டு அவன் தெருவுக்கு ஓடிய அன்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் சந்தோஷப்பட்டதாகத்தான் ஞாபகம்.

பிறகு அவன் வளர்ந்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாப் பிள்ளைகளும் வளர்கிறார்கள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். டம்பர் இருக்கைக்கு ஆள் தேடியபோது மேனேஜரிடம் போய்ச் சொன்னதும் நான்தான். அவன் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு கீறல் கிடையாது. குவாரியில் மற்ற டிரைவர்கள் கல்லில் உரசிக்கொண்டு என் பட்டறைக்கு வருவார்கள், தம்பி மட்டும் வரமாட்டான். "உன் தம்பிக்கு மட்டும் தனிக் கண்ணு" என்று, டம்பரில் கல் அள்ளிப் போடுகிற லோடர்காரர் சொல்வார். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் பாருங்கள், பட்டறைக்கு அவன் வர வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

கல்யாணமும் நானே முன்னின்று செய்துவைத்தேன். வந்த பெண் நல்ல பெண். வாய் அதிகம் கிடையாது, கைச்சுத்தம், என்னை வாய் நிறைய மாமா என்று கூப்பிடுவாள். நேற்று என்னைப் பார்த்த பார்வையை வைத்து அவளை எடைபோடாதீர்கள்.

இனி ஷோக்குவைப் பற்றிச் சொல்ல வேண்டும், செத்துப்போனவன். அவன் நிஜப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும். சலவை மடிப்புக் கலையாத சட்டை, கறுப்புக் கண்ணாடி, புழுதிக்குள் புழங்குகிற பிழைப்பிலும் தலையில் எண்ணெய்ப் பளபளப்பு. அதனால் எல்லோருக்கும் ஷோக்கு. சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து, இயந்திரங்களுக்கு டீசலும் கிரீஸும் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. பெண்டாட்டிகூட இல்லை, அந்த வண்டிதான் பெண்டாட்டி. சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடிக்கச் சொல்லி என் உயிரை வாங்கினான். குவாரிப் புழுதியும் அதே நிறம்தானடா என்றேன். "அதான்ணே, அழுக்கு தெரியாது" என்றான். தம்பிக்கு உயிர்ச் சிநேகிதன். நான் காலையில் வீட்டிலிருந்து எடுத்துவரும் சாப்பாட்டுக் கேரியரைப் பட்டறை அடுப்பில் சூடாக்கிக் கொடுப்பேன், மத்தியானம் அவன்தான் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுப்பான்.

எப்படிக் கொடுப்பான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், உங்கள் விசாரணைக்கு அது முக்கியம். லோடு ஏற்றிக்கொண்டு நிற்கிற டம்பரின் மூக்கடியில் போய் நிறுத்துவான். நிறுத்தக் கூடாத இடம். சேஃப்டி ஆபீசர் பலமுறை கத்தியிருக்கிறார். ஆனால் வட்டக் கண்ணாடியில் மஞ்சள் விழுந்ததும் தம்பி சிரித்துக்கொண்டே எஞ்சினை அணைத்துவிடுவான். இருவரும் பள்ளத்து நிழலில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். இதெல்லாம் தம்பி என்னிடம் சொன்னதுதான். அவன் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

ஷோக்குவுக்குத் தன் வண்டியில் பிடிக்காதது ஒன்றுதான், கூரையில் இருந்த அந்த மஞ்சள் விளக்கு வரிசை. "ராஜா மாதிரி வண்டிண்ணே, தலையில பார்த்தா ரோடு ரோலர் மாதிரி இருக்கு. கழட்டிட்டு வேற எதாச்சும் அழகா செஞ்சு குடுங்கண்ணே" என்று நச்சரிப்பான். சட்டம் இருக்கிறது, முடியாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நான் சட்டத்தை மதிக்காதவன் இல்லை.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது தம்பி தட்டைப் பார்த்தபடியே பேச்சை ஆரம்பித்தான். "அண்ணே, பக்கத்துத் தெருவுல ஒரு வீடு காலியாயிருக்கு. ஷோக்குதான் பாத்து வச்சான். ரெண்டு ரூம், காத்தோட்டமா இருக்கு. நாங்க போயிடலாம்னு..."

"போங்களேன். நல்ல விஷயம்தானே" என்றேன்.

அவன் மனைவிதான் பதறினாள். "நாங்க மட்டும் இல்ல மாமா, நீங்களும்தான். உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்குன்னு பாத்துத்தான் சரின்னோம். உங்கள விட்டுட்டு எங்க போகப்போறோம்?"

அவள் மனதாரத்தான் சொன்னாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தம்பியின் வீட்டில் எனக்கு ஒரு அறை என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். என் வீட்டில் அவன் இருந்தால் நான் அண்ணன். அவன் வீட்டில் நான் இருந்தால் விருந்தாளி, இல்லையென்றால் சுமை. வேண்டாம்மா, எனக்கு இங்கேதான் பழக்கம் என்றேன். தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வருத்தமும் இருந்தது, கூடவே ஒரு ஆசுவாசமும் இருந்தது. அந்த ஆசுவாசத்தை நான் பார்த்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்கிற ஆள் நானில்லை. கட்டிலில் படுத்து நிதானமாக யோசித்தேன். அவனுக்கு இப்போது நான் தேவைப்படவில்லை, அவ்வளவுதான் விஷயம். காய்ச்சலில் கிடந்தபோது தேவைப்பட்டேன். நன்றாக இருப்பதுதான் அவனுடைய கோளாறு. உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் கீழே இருக்கிறவன் எதற்கு? அவன் இறங்கிவர வேண்டும். கையைக் காலை உடைத்து இறக்கலாம், ஆனால் அது அவனுக்கு வலிக்கும், அதற்கு எனக்கு மனம் வரவில்லை. தம்பி உடம்பில் ஒரு கீறல் விழ நான் சம்மதிக்கமாட்டேன். உடம்பில் படாமல் இறக்குவதற்கு என்ன வழி என்றுதான் யோசித்தேன்.

மறுநாள் நானே ஷோக்குவைக் கூப்பிட்டனுப்பினேன். விளக்கைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள், அதற்கு மேலே அழகாக ஒரு தொப்பி செய்து மாட்டிவிடுகிறேன் என்றேன். கூரையின் அகலத்துக்கு ஒரே தகடு. பின்னாலிருந்து எழும்பி, விளக்குகளுக்கு மேலே வளைந்து, முன்னால் நெற்றிமேல் கை வைத்துப் பார்ப்பதுபோல இறங்கும். கறுப்புப் பெயின்ட். விளக்குக் கண்ணாடிகளையும் கொஞ்சம் புகை நிறத்தில் மாற்றிவிடலாம். தரையில் நின்று பார்த்தால் விளக்கு எரிவது தெரியும், சட்டப்படி எல்லாம் சரி. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இத்தன நாளா இந்த வித்தைய எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றான்.

அந்தத் தகட்டை நான் அவசரமாகச் செய்யவில்லை. வேறு வேலைகளுக்கு இடையில், மனம் அமைதியாக இருக்கும்போது மட்டும் எடுத்துத் தட்டினேன். டம்பர் ஆயில் மாற்றுவதற்காகப் பட்டறைக்கு வருகிற நாளாகப் பார்த்து ஷோக்குவை வரச் சொல்லியிருந்தேன். தம்பி ஆயில் கணக்கு விஷயமாக ஆபீசுக்குப் போயிருந்தான். பிக்கப்பை டம்பரின் மூக்கடியில் நிறுத்தச் சொன்னேன். தூரத்திலிருந்து பார்த்தால்தான் வளைவு சரியா என்று தெரியும் என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறி, தம்பியின் இருக்கையில் உட்கார்ந்தேன். அதுவரை நான் அதில் உட்கார்ந்ததில்லை. நல்ல உயரம். ஷோக்குவின் உச்சந்தலை எண்ணெய் மின்னுவதுகூடத் தெரிந்தது.

விளக்கைப் போடச் சொன்னேன். வட்டக் கண்ணாடியில் லேசாக ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. இறங்கிவந்து தகட்டின் முன்னோரத்தை இன்னும் கொஞ்சம் வளைத்தேன். மறுபடி ஏறினேன். கண்ணாடியில் புழுதி மட்டும் இருந்தது.

கீழே ஷோக்கு தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "எப்படிண்ணே தெரியுது மேல இருந்து?" என்று கத்தினான்.

"ஒண்ணும் குறை தெரியல" என்றேன்.

தம்பி ஆபீசிலிருந்து வருவதற்குள் பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அதுவும் அவன் யோசனைதான், நான் சொல்லவில்லை. "அவன்கிட்ட மூச்சு விடாதீங்கண்ணே. மத்தியானம் சோறு குடுக்கப் போறப்ப அவனே இறங்கி வந்து பாக்கட்டும். வாயப் பொளந்துடுவான்" என்றான்.

அன்று கேரியரை நான் வழக்கத்தைவிடச் சீக்கிரமே சூடாக்கிவிட்டேன். சாப்பாட்டு நேரம் என்றால் தம்பி மஞ்சளுக்காகக் காத்திருப்பான், வராவிட்டால் எட்டிப் பார்ப்பான். அதற்கு முந்தியே ஷோக்கு போனால் தம்பி கண்ணாடியைப் பார்ப்பான், மஞ்சள் இருக்காது, கிளம்பிவிடுவான். ஆறுவதற்குள் கொடுத்துவிடு என்று சொல்லிக் கேரியரை, அதை எடுக்கத் திரும்பி வந்த ஷோக்குவின் கையில் கொடுத்தேன். பக்கத்து இருக்கையில் வைத்து, சாயாமல் இருக்கத் தன் கைத்துண்டைச் சுற்றி அணைகொடுத்தான். அவனுக்கு எல்லாவற்றிலும் சுத்தம் வேண்டும்.

கேட் வாட்ச்மேன் குனிந்து பார்த்து, விளக்கு எரிகிறது, போ என்று விட்டாராம். அவர் சொன்னது சத்தியம். எரிந்தது.

நடந்ததை நான் பார்க்கவில்லை. லோடர்காரர் சொன்னதைத்தான் சொல்கிறேன். கடைசி வாளிக் கல்லைக் கொட்டிவிட்டு அவர் ஹாரன் அடித்தார், கிளம்பலாம் என்று அர்த்தம். பள்ளம் முழுக்கப் புழுதி. டம்பர் நகர்ந்தது. அந்த வண்டிக்கு ஒரு பிக்கப் என்பது சின்ன மேடு, அவ்வளவுதான். பெரிய கல் ஒன்று உருண்டு விழுந்து சக்கரத்தில் சிக்கியிருக்கிறது என்று தம்பி நினைத்திருக்கிறான். லோடர்காரர் விடாமல் ஹாரன் அடித்ததும் நிறுத்தினான். நிறுத்தியவன், கல்லை விடுவிப்பதாக நினைத்து வண்டியைப் பின்னால் எடுத்தான். அது தேவையில்லாத வேலை. அதை நான் திட்டமிடவில்லை.

சைரன் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு, தகடு அறுக்கிற மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். கேபினை அறுத்துத் திறக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. ஷோக்குவைப் பற்றி நான் விவரிக்கப்போவதில்லை, அவன் எப்போதும் நேர்த்தியாக இருக்க ஆசைப்பட்டவன். தொப்பி தெறித்துத் தள்ளிப் போய் விழுந்திருந்தது. எல்லோரும் தம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், என்னை யாரும் கவனிக்கவில்லை. எடுத்துக் கருவிப் பெட்டியில் போட்டேன். பிறகு ஏன் தூக்கி எறியவில்லை என்று கேட்கிறீர்கள். நல்ல வேலை அது. மனம் வரவில்லை.

தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க வாந்தி. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினான். சின்ன வயதில் தூக்கச் சொல்லி நீட்டுவானே, அதேபோல. நான் தூக்கிக்கொண்டேன். பெரிய ஆள்தான், ஆனால் கனக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் வெளியே போகவில்லை. புது வீட்டுச் சாவியை அவன் மனைவியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அவள் ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டான், நான் ஊட்டினால் வாங்கிக்கொள்வான். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பான். "அண்ணே, நான் பாத்தேன்ணே. சத்தியமா கண்ணாடியப் பாத்தேன். மஞ்சள் இல்லண்ணே. இருந்துச்சா?"

"இருந்துச்சுடா. வாட்ச்மேன்கூடச் சொன்னாரே. நீதான் பாக்கல. விடு, மனுஷனுக்குச் சகஜம். அண்ணன் இருக்கேன்ல" என்பேன். அழுவான். அழுது முடித்ததும் இரண்டு வாய் கூடவே சாப்பிடுவான். நான் ஒருநாளும் அவனிடம் கோபமாகச் சொன்னதில்லை. தலையைத் தடவிக்கொண்டேதான் சொல்வேன். நாளுக்கு நாள் அவன் கேட்பது குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. கேட்க மறந்துவிட்டால் நான்தான் ஞாபகப்படுத்துவேன், மனதுக்குள் வைத்துப் புழுங்கக் கூடாது இல்லையா.

ஷோக்குவின் அம்மா ஒருமுறை வந்தார். தம்பி மனைவி கடைக்குப் போயிருந்தாள். அந்த அம்மாள் வாசலில் நின்றுகொண்டு, "அவன் மேல எனக்குக் கோவமே இல்லப்பா. ரெண்டும் ஒண்ணா சோறு தின்ன புள்ளைங்க. ஒரு தடவ அவன் கையப் புடிச்சு சொல்லிட்டுப் போயிடறேன்" என்று கெஞ்சினார். தூங்குகிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளே வந்தபோது தம்பி கண் விழித்து, யாருண்ணே என்று கேட்டான். ஷோக்குவோட அம்மா, மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போகிறார், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே என்றேன். ராத்திரி முழுக்க என் மடியில்தான் கிடந்தான்.

அங்கேதான் நான் கொஞ்சம் அசந்துவிட்டேன். அந்த அம்மாள் தம்பி மனைவியைத் தெருவில் பார்த்து, தான் வந்ததையும், கோபமே இல்லை என்றதையும் தம்பியிடம் சொல்லவில்லையா என்று கேட்டிருக்கிறார். இவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பட்டறைக்குப் போன நேரத்தில் என் அறையைப் புரட்டிப் போட்டு, தகட்டைக் கண்டெடுத்து, நேராக வாட்ச்மேனிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அன்று ஷோக்குவின் கூரையில் இருந்தது இதுதான் என்று அவர் சொல்லிவிட்டார். வாய் அதிகம் கிடையாது என்று சொன்னேனே, அந்த மாதிரிப் பெண்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஷோக்குவைக் கொன்றது நான். தெரிந்தே, யோசித்தே செய்தேன். ஆனால் அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வீடு பார்த்துக் கொடுத்ததற்காகச் செய்தேன் என்று எழுதினால் அது பொய். தம்பி மேலேயிருந்து இறங்குவதற்கு அடியில் யாராவது இருக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் வண்டி நிறுத்துகிற ஆள் ஷோக்கு ஒருவன்தான். மற்றவர்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள்.

இதனால் தம்பிமேல் இருக்கிற வழக்கு நிற்காது என்று எனக்குப் புரிகிறது. நல்லதுதான், அவனை ஜெயிலில் வைத்தால் அங்கே யார் ஊட்டுவார்கள்? என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், சாயங்காலங்களில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னாலும் வருகிறேன். ஆனால் இந்தத் தகட்டைப் பற்றி அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் தாங்கமாட்டான். தன்னால்தான் போனான் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதிரி அடங்கியிருக்கிறான். அதையும் பறித்துவிட்டால் அவனிடம் என்ன மிஞ்சும், என்னைத் தவிர?

என்ன சொல்கிறீர்கள்?

நேற்று ராத்திரியே அவனிடம் சொல்லிவிட்டாளா. தகட்டைப் பற்றியும் சொன்னாளா. ஷோக்குவின் அம்மாவையும் வரவழைத்து, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னாளா. சரி.

என்ன கேட்டான்? என்னைப் பற்றி ஏதாவது கேட்டிருப்பானே.

ஒன்றும் கேட்கவில்லையா. காலையில் எழுந்து, தானே குளித்துவிட்டு வந்து, தட்டைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டானா. அவன் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டானா.

அப்படியென்றால் அவனுக்கு உடம்பு ரொம்ப மோசமாகிவிட்டது, ஐயா. உடனே என்னை வீட்டுக்கு அனுப்புங்கள்.